சங்கிலியை அவிழ்ப்பதற்கு முன் வீட்டுக்காரரிடம் பேசுங்கள்

பிராணிகளைக் காப்பாற்றும் இந்த வேலைக்கு வந்த புதிதில், வடசென்னையில் ஒரு குடியிருப்பின் மூன்றாவது மாடிப் படிக்கட்டில் கட்டப்பட்டிருந்த நாயைப் பார்த்தேன். விலா எலும்புகளை எண்ணிவிடலாம். தட்டில் வெறும் ரசம் சாதம். கதவைத் தட்டி, "நாய்க்கு இதைப் போய் வைக்கலாமா அம்மா?" என்று கேட்டேன். அந்த அம்மா கோபப்படவில்லை. "இன்றைக்கு எங்களுக்கும் அதுதான் தம்பி" என்றார்.

அந்தப் பதிலுக்குப் பிறகு நான் வேலை செய்கிற முறையே மாறிவிட்டது. இனிமேல் சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுதான்: வறுமையில் இருக்கும் வீட்டிலிருந்து பிராணியைத் தூக்கிக்கொண்டு போவது கடைசி வழி. அந்த வீட்டிலேயே அது நன்றாக இருக்க என்ன தேவையோ அதைச் செய்வதுதான் முதல் வழி. காப்பகங்கள் ஏற்கெனவே நிரம்பி வழிகின்றன. வீடும் பெயரும் உள்ள ஒரு நாயை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தால், நாளைக்கு அடிபட்டு வரும் தெரு நாய்க்கு இடம் இருக்காது.

நான் எழுதுவது சென்னையை மனத்தில் வைத்து. கூவம், அடையாறு கரைகளிலிருந்து அகற்றப்பட்டு கண்ணகி நகர், பெரும்பாக்கம் போன்ற இடங்களில் குடியமர்த்தப்பட்ட குடும்பங்கள், வியாசர்பாடி, புளியந்தோப்புப் பகுதிகளின் பழைய அடுக்குக் குடியிருப்புகள். மற்ற ஊர்க்காரர்கள் மருத்துவமனைப் பெயர்களை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும்.

முதலில் உங்கள் கையில் ஊசி

நாயைத் தொடுவதற்கு முன் நீங்கள் ரேபிஸ் முன்தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். இதில் பேச்சுக்கே இடமில்லை. அறிகுறி தெரிந்துவிட்டால் ரேபிஸ் அநேகமாக ஆளைக் கொன்றேவிடும். மனிதருக்கு வரும் ரேபிஸில் மிகப் பெரும்பாலானவை நாய் மூலம் வருபவை. எத்தனை தவணை, எந்தெந்த நாள் என்பதை மருத்துவர் சொல்வார்.

முன்தடுப்பூசி போட்டிருந்தாலும் கடியோ நகக்கீறலோ பட்டால் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள், 15 நிமிடம் என்பது நீங்கள் நினைப்பதைவிட நீளமானது. மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் வைக்கக் கூடாது. பிறகு நேராக அரசு மருத்துவமனை அல்லது ஆரம்ப சுகாதார நிலையம். அங்கே ஊசி இலவசம். முன்பு ஊசி போடாதவருக்குத் தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் போடுவார்கள். தோல் கிழிந்து இரத்தம் வந்திருந்து, முன்பு ஊசியே போடாதவராக இருந்தால், உடனடியாக எதிர்ப்பொருள் தரும் இம்யூனோகுளோபுலின் ஊசியும் தேவைப்படும். கடித்த நாயைப் பத்து நாள் கவனிப்பது நல்லதுதான். ஆனால் அந்தப் பத்து நாளும் ஊசி போடாமல் காத்திருக்கக் கூடாது.

இதை நீங்கள் தெரிந்து வைத்திருப்பதில் இன்னொரு பயன் உண்டு. அந்தக் குடியிருப்பில் ஒரு குழந்தையை நாய் கடித்தால் முதலில் உங்களிடம்தான் கேட்பார்கள். மூன்றாவது ஊசியோடு நிறுத்திவிடும் பெற்றோர் நிறைய. நான்காவது ஊசியின் தேதியை அவர்கள் வீட்டு நாட்காட்டியில் நீங்களே வட்டம் போட்டுவிட்டு வாருங்கள்.

வெறுங்கையோடு ஒரு மாலை

முதல் தடவை பிஸ்கட்டோ மருந்தோ கேமராவோ எடுத்துக்கொண்டு போகாதீர்கள். பகல் பதினோரு மணிக்குப் போனால் பெரியவர்கள் வேலைக்குப் போயிருப்பார்கள். மாலை ஆறுக்கு மேல் அல்லது ஞாயிறு காலை போங்கள். மகளிர் குழுவில் இருக்கும் ஓர் அக்கா, அங்கன்வாடி ஆசிரியை, டீக்கடைக்காரர் என்று அந்த இடத்து மனிதர் ஒருவர் கூட வந்தால் கதவுகள் திறக்கும். தனியாகப் போய் நாயைப் படம் எடுத்தால், நாய் பிடிக்க வந்தவர் என்றோ அதிகாரியின் ஆள் என்றோ நினைப்பார்கள். ஏற்கெனவே ஓரிடத்திலிருந்து வெளியேற்றப்பட்டவர்களுக்கு, குறிப்பேடும் கையுமாக வருகிற ஆளைப் பார்த்தால் வயிற்றைக் கலக்குவது இயல்புதானே.

"ஏன் கட்டிப்போட்டிருக்கிறீர்கள்?" என்று ஆரம்பிக்காதீர்கள். "இவன் பெயர் என்ன?" என்று ஆரம்பியுங்கள். பெயர் சொன்னால் கதை வரும். எங்கே கிடைத்தான், எந்த மழையில் வந்தான், யார் கையால் மட்டும் சாப்பிடுவான் என்று எல்லாம் வரும். அந்தக் கதைக்குள்ளேயே உங்களுக்குத் தேவையான செய்தியும் இருக்கும்: வயது, குட்டி போட்டதா, ஊசி போட்டார்களா, யாரையாவது கடித்திருக்கிறதா.

வீட்டுக்கு வந்த பிறகு எழுதி வையுங்கள். பிளாக் எண், மாடி, நாயின் பெயர், நிறம், ஆணா பெண்ணா, யார் சோறு வைக்கிறார்கள். கடைசிக் கேள்விக்குப் பல சமயம் மூன்று வீடுகளின் பெயர் வரும். இந்தக் குடியிருப்புகளில் பாதி நாய்கள் இப்படிப்பட்டவைதான். காலையில் ஒரு வீடு, மதியம் ஒரு வீடு, இரவு படிக்கட்டு. சட்டத்தின் கண்ணில் அது தெரு நாய், அந்தத் தளத்துக் குழந்தைகளின் கண்ணில் எங்கள் வீட்டு மணி. கருத்தடை அறுவைச் சிகிச்சைக்குச் சம்மதம் வாங்கும்போது மூன்று வீட்டிலும் கேட்க வேண்டியிருக்கும். ஒரு வீட்டை விட்டுவிட்டால் அந்த வீட்டார்தான் பிறகு தடுப்பார்கள், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பணம் அதிகம் கேட்காத திருத்தங்கள்

இரண்டாவது, மூன்றாவது வருகையில் செய்யக்கூடியவை இவை. புதியவர்கள் இதைத் தாண்டி நேரே ஆம்புலன்ஸுக்கு ஓடிவிடுகிறார்கள். எனக்கு இதுதான் வேலையின் மையம்.

கயிறு. குட்டியாக இருந்தபோது கழுத்தில் கட்டிய நைலான் கயிறு அப்படியே இருக்கும், நாய் வளர்ந்திருக்கும். முடிக்கு அடியில் கயிறு தோலுக்குள் புதைந்து, சீழ் வைத்து, நாற்றம் அடிக்கும்போதுதான் தெரியும். பார்க்கிற ஒவ்வொரு நாயின் கழுத்திலும் இரண்டு விரலை விட்டுப் பாருங்கள். விரல் நுழையவில்லை என்றால் உடனே மாற்ற வேண்டும். புதைந்திருந்தால் நீங்கள் வெட்டி இழுக்காதீர்கள், மருத்துவரிடம் கொண்டுபோங்கள். நான் பையில் எப்போதும் நான்கைந்து பட்டையான துணிக் கழுத்துப்பட்டைகள் வைத்திருப்பேன். கட்டிப்போடுவதை முழுவதும் நிறுத்தச் சொன்னால் நடக்காது. பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார். இரவில் மட்டும் கட்டுங்கள், கயிற்றை நீளமாக்குங்கள், நிழலுக்கு மாற்றுங்கள் என்று கேட்டால் நடக்கும்.

தண்ணீர். லாரித் தண்ணீரைக் குடத்தில் பிடித்து நான்கு மாடி ஏற்றுகிற வீட்டில், கவிழ்ந்துபோகிற தட்டில் நாய்க்குத் தண்ணீர் வைக்க மாட்டார்கள். கவிழாத சிமெண்டுத் தொட்டி ஒன்று வாங்கிக் கொடுங்கள். அரிசி கழுவிய தண்ணீரையும் அதில் ஊற்றலாம்.

சாப்பாடு. பாக்கெட் தீவனம் பற்றிப் பேசாதீர்கள். ரேஷன் அரிசி வீட்டில் இருக்கிறது. கோழிக்கடையில் தலை, கால், தோல், ஈரல் மலிவாகக் கிடைக்கும். மீன் விற்கும் வீட்டில் தலையும் வாலும் இருக்கும். அவற்றை வேகவைத்து, முள்ளையும் வெந்த எலும்பையும் எடுத்துவிட்டு, வெங்காயமும் மசாலாவும் போடாமல் சோற்றோடு பிசைந்து வைத்தால் போதும். வெந்த எலும்பு ஊசி போல உடைந்து குடலைக் கிழிக்கும், வெங்காயம் நாயின் இரத்தத்தைக் கெடுக்கும். பூனைக்குச் சோறு குறைவாக, மீன் அல்லது ஈரல் கூடுதலாக. குட்டிகளுக்குப் பசும்பால் கொடுத்தால் பேதியாகும். பாலூட்டத் தாய் இல்லை என்றால் குட்டிகளுக்கென்று விற்கும் பால் மாவைக் கேட்டு வாங்குங்கள்.

உண்ணியும் சொறியும். இதில்தான் மிகப் பெரிய கைவைத்தியத் தவறுகள் நடக்கின்றன. சொறிக்கு வண்டியில் வடித்த பழைய ஆயிலைத் தடவுவார்கள், உண்ணிக்கு மண்ணெண்ணெய். நாய் நக்கும், விஷம் உள்ளே போகும், தோலும் வெந்துவிடும். திட்டாமல் சொல்லுங்கள். அவர்களுக்குத் தெரிந்த ஒரே மருந்து அது, அன்பு இல்லாத வீட்டில் அதைக்கூடச் செய்ய மாட்டார்கள். மருத்துவர் எழுதித் தரும் மருந்தை எடையைச் சொல்லி வாங்குங்கள். நாய்க்கான சில உண்ணி மருந்துகளில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கும், அது பூனையைக் கொன்றுவிடும். அதேபோல் காய்ச்சல் என்று நினைத்துப் பூனைக்கு ஒரு பாராசிட்டமால் மாத்திரை கொடுத்தாலே போதும், அது உயிரோடு திரும்புவது கடினம். தரை துடைக்கும் ஃபினாயிலும் பூனைக்கு ஆகாது. இந்த மூன்றையும் பூனை வளர்க்கும் ஒவ்வொரு வீட்டிலும் சொல்லிவிடுங்கள்.

ஊசி நாள்

குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் பார்வோ, டிஸ்டெம்பர் போன்ற வைரஸ் நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசியைத் தொடங்கி, மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை, பதினாறு வாரம் ஆகும்வரை போட வேண்டும். மூன்று மாதத்தில் ரேபிஸ் ஊசி, பிறகு ஆண்டுதோறும். பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் ரேபிஸ் ஊசிக்கே முதலிடம். உலக விலங்குவழி நோய்கள் நாளான ஜூலை 6, உலக ரேபிஸ் நாளான செப்டம்பர் 28 ஆகியவற்றை ஒட்டி அரசு கால்நடை மருத்துவமனைகளில் இலவச ரேபிஸ் முகாம்கள் நடப்பது வழக்கம். இரண்டு வாரம் முன்பே விசாரித்து, குறிப்பேட்டைப் பார்த்து வீடு வீடாகச் சொல்லிவிடுங்கள். ஊசி அட்டை கொடுத்தவுடன் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த மழையில் அட்டை நனைந்து கூழாகிவிடும், என்னிடம் பத்துப் பதினைந்து வீட்டு அட்டைகளின் படம் இருக்கிறது.

குடியிருப்பில் எங்காவது பார்வோவில் ஒரு குட்டி செத்திருந்தால், அந்த வீட்டுக்கு உடனே வேறு குட்டி வர விடாதீர்கள். வைரஸ் மண்ணிலும் தரையிலும் மாதக்கணக்கில் இருக்கும். ப்ளீச்சிங் பவுடர் கரைசலை ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவ வேண்டும். அழுதுகொண்டிருக்கும் குழந்தைக்கு ஆறுதலாக யாரோ மறுநாளே இன்னொரு குட்டியைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அதுவும் அதே வாரத்தில் செத்துப்போகும்.

சென்னையில் நாய்க்கும் பூனைக்கும் மாநகராட்சி உரிமம் வேண்டும், கட்டணம் 50 ரூபாய். 2025 முதல் மைக்ரோசிப்பும் சேர்ந்துகொண்டது. உரிமம் இல்லாவிட்டால் அபராதம் என்ற பேச்சு வந்தவுடன், அபராதத்துக்குப் பயந்து நாயை வேறு தெருவில் விட்டுவிடலாமா என்று யோசிக்கும் வீடுகளும் உண்டு. விண்ணப்பத்தை அவர்களுக்காக நீங்களே கைபேசியில் நிரப்பிக் கொடுங்கள். பத்து நிமிட வேலையில் ஒரு நாயின் வீடு காப்பாற்றப்படும்.

மருத்துவமனைக்கு எப்படிக் கொண்டுபோவது

1903இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் வேப்பேரி மருத்துவமனை, பல தலைமுறை ஏழை வீட்டு நாய்களைப் பார்த்த இடம். தனியார் மருத்துவமனையோடு ஒப்பிட்டால் செலவு குறைவு, கூட்டம் அதிகம். காலையிலேயே போய்ச் சீட்டு வாங்கிவிடுங்கள், கையில் சில்லறையும் தண்ணீர்ப் பாட்டிலும் வைத்திருங்கள். அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகம் எது என்பதையும் கேட்டு வையுங்கள். உண்ணிக்கும் சொறிக்கும் வேப்பேரிவரை போக வேண்டியதில்லை.

தடை பெரும்பாலும் ஆட்டோதான். ஐந்து ஓட்டுநர்களில் நான்கு பேர் நாயைக் கண்டதும் தலையாட்டிவிடுவார்கள். அந்த ஐந்தாமவரின் எண்ணைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், இருக்கையில் விரிக்க ஒரு பழைய சாக்கை நீங்களே கொண்டுபோங்கள். பூனைக்கு இரண்டு பிளாஸ்டிக் காய்கறிக் கூடைகளை வாய்க்கு வாய் கவிழ்த்துக் கயிற்றால் கட்டினால் நல்ல கூண்டு. வலியில் இருக்கும் நாய் வளர்த்தவர் கையையும் கடிக்கும். நீளமான துணிப்பட்டையால் வாயைச் சுற்றி ஒரு முடிச்சு, தாடைக்கு அடியில் ஒன்று, காதுக்குப் பின்னால் ஒன்று போட்டுக் கட்டலாம். வாந்தி எடுக்கிற, மூச்சு இரைக்கிற நாய்க்கு மட்டும் அப்படிக் கட்டக் கூடாது. கூட வீட்டார் ஒருவர் வர வேண்டும். அது பள்ளி விடுமுறையில் இருக்கும் பையனாக இருந்தாலும் சரி, மருத்துவர் சொல்வதை வீட்டில் போய்ச் சொல்ல ஓர் ஆள் தேவை.

எப்போது ஓட வேண்டும்? இரத்தம் கலந்த பேதியோடு சோர்ந்து கிடக்கும் குட்டி, வயிறு உப்பி மூச்சு விடத் திணறும் நாய், சிறுநீர் கழிக்க முயன்று முடியாமல் கத்தும் ஆண் பூனை. இவை காத்திருக்காது. புழுப்புண்ணும் அப்படித்தான். மஞ்சள் பொடியைத் தூவிவிட்டு நாளை பார்க்கலாம் என்றால் நாளைக்குள் புண் இரண்டு மடங்காகிவிடும். எச்சில் ஒழுகி, குரல் மாறி, தண்ணீரை விழுங்க முடியாமல், காரணமில்லாமல் கடிக்கப் பாயும் நாயை மட்டும் நீங்கள் பிடிக்கக் கூடாது. குழந்தைகளை உள்ளே அனுப்பிவிட்டு மாநகராட்சியின் 1913ஐ அழையுங்கள்.

கருத்தடை: நீளமான உரையாடல்

நாய் சுமார் 63 நாள் சுமந்து ஈனும். ஆறு குட்டிகள் பிறந்தால் நான்கு பார்வோவிலோ வண்டிச் சக்கரத்திலோ போய்விடும். இதைப் புள்ளிவிவரமாகச் சொல்ல வேண்டாம், அந்தப் படிக்கட்டிலேயே நடந்ததைக் கேளுங்கள். போன ஈத்தில் எத்தனை குட்டி, இப்போது எத்தனை இருக்கிறது என்று கேட்டுவிட்டு அமைதியாக இருங்கள்.

வரும் பதில்கள் எனக்கு மனப்பாடம். "ஒரு ஈத்தாவது ஈனட்டும், பாவம் பெண் ஜென்மம்." "ஆண் நாய்க்கு எதற்கு?" "ஆபரேஷன் பண்ணினால் காவல் காக்காது." ஒவ்வொன்றுக்கும் பதில் உண்டு. ஒருமுறை ஈனுவதால் பெண் நாய்க்கு எந்த நன்மையும் இல்லை. கருத்தடை செய்தால் கர்ப்பப்பையில் சீழ் வைத்துச் சாகும் ஆபத்து நீங்கும், மார்புக் கட்டி வரும் வாய்ப்பு குறையும். நாய்களுக்குள் இனச்சேர்க்கையில் பரவும் ஒரு கட்டி நோய் உண்டு. பிறப்புறுப்பில் இரத்தம் சொட்டும், தீட்டு என்று நினைத்து விட்டுவிடுவார்கள். அது வாரம் ஒருமுறை ஊசி போட்டால் பெரும்பாலும் குணமாகும், ஆனால் பல வாரம் அலைய வேண்டும். காவல் குணத்துக்கும் கருத்தடைக்கும் சம்பந்தமில்லை.

ஆனால் மறுப்புக்கு உண்மையான காரணம் பெரும்பாலும் இவை எதுவுமில்லை. ஒரு நாள் கூலி போகும். அவ்வளவுதான். அதை யாரும் வெளியே சொல்ல மாட்டார்கள். "நானே கூட்டிப்போய்க் கொண்டுவந்து விடுகிறேன், மாலை நீங்கள் வந்தபின் ஒப்படைக்கிறேன்" என்று சொன்ன அன்றைக்கு, இரண்டு மாதம் மறுத்த ஒரு வீட்டில் ஐந்தே நிமிடத்தில் சம்மதம் கிடைத்தது.

தெரு நாயாகக் கருதப்படும் மணிகளுக்கு, 2023 விலங்கு இனக் கட்டுப்பாட்டு விதிகளின்படி நடக்கும் மாநகராட்சி மையங்கள் உண்டு. காதின் நுனியில் சிறு வெட்டு இருந்தால் ஏற்கெனவே முடிந்தது என்று அர்த்தம். பிடித்துப்போகும் அன்று நீங்கள் அங்கே இருங்கள். பிளாக் எண்ணைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள், படம் எடுங்கள், எந்த நாளில் திரும்பும் என்று கேளுங்கள். அடுத்த குடியிருப்பில் இறக்கிவிடப்பட்ட நாய் புதிய கூட்டத்திடம் கடி வாங்கியே செத்துப்போகலாம். வீட்டு நாய்க்கும் பூனைக்கும் வேப்பேரி அல்லது 1959இல் தொடங்கிய புளூ கிராஸ் போன்ற தொண்டு அமைப்புகளில் முன்கூட்டியே கேட்டுத் தேதி வாங்குங்கள்.

வளர்ந்த நாய்க்கு முதல் நாள் இரவிலிருந்து சாப்பாடு கிடையாது. இதை வீட்டில் உள்ள அத்தனை பேரிடமும் சொல்ல வேண்டும், பாட்டியிடம் குறிப்பாக. அறுவை முடிந்து மயக்கம் தெளியாத நாயைக் கைப்பிடி இல்லாத படிக்கட்டில் விடாதீர்கள், தள்ளாடி விழும். அன்றிரவு வீட்டுக்குள், தரையில் பழைய புடவை விரித்து. பத்து நாள் தையல் நனையக் கூடாது, நக்கக் கூடாது. அடிப்பகுதியை வெட்டிய சின்ன பிளாஸ்டிக் வாளி கழுத்தில் மாட்ட நன்றாகவே உதவும். குழந்தைகள் சிரிப்பார்கள், நாய்க்குத்தான் அவமானம்.

மழைக்காலம்

2015 டிசம்பரையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் பார்த்தவர்களுக்குத் தெரியும், தண்ணீர் இரவில்தான் ஏறுகிறது. தரைத்தள வீடுகளில் கட்டப்பட்ட நாய் கட்டப்பட்டபடியே மூழ்கும். அக்டோபரிலேயே தரைத்தள வீட்டாரிடம் பேசி, மேல்மாடியில் எந்த வீட்டில் நாயை ஏற்றிவிடலாம் என்று முடிவுசெய்து வையுங்கள். எதுவும் முடியாவிட்டால் சங்கிலியையாவது அவிழ்த்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். தண்ணீர் வடிந்த பிறகு எலிக்காய்ச்சல் வரும். தேங்கிய நீரை நாய் குடிக்காமல் பார்க்க வேண்டும், சோர்ந்த நாயின் சிறுநீரை வெறுங்கையால் துடைக்கக் கூடாது.

தூக்கிக்கொண்டு வரவேண்டிய நேரம்

அடித்து எலும்பை உடைக்கிற வீடு. பூட்டிவிட்டு ஊருக்குப் போய்த் திரும்பாத வீடு. தனியாக இருந்த பெரியவர் இறந்துபோன வீடு. இங்கே மட்டும் பிராணியை வெளியே கொண்டுவருவது சரி. அப்போதும் பூட்டை உடைக்காதீர்கள், படம் எடுத்துக் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுங்கள். 1960 விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு குட்டைச் சங்கிலியில் நெடுநேரம் கட்டிவைப்பதையும் பட்டினியில் கைவிடுவதையும் குற்றமாகச் சொல்கிறது. முதல் குற்றத்துக்கு அபராதம் பத்து முதல் ஐம்பது ரூபாய்தான், சிரிக்காதீர்கள். கொன்றாலோ ஊனப்படுத்தினாலோ குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவு இருக்கிறது, புகாரில் அதை எண்ணோடு எழுதுங்கள்.

"எங்களால் முடியவில்லை, எடுத்துக்கொண்டு போங்கள்" என்று வீட்டாரே சொல்வதும் உண்டு. உடனே கை நீட்டாதீர்கள். என்ன முடியவில்லை என்று கேளுங்கள். மருந்துச் செலவா, வீட்டு உரிமையாளர் மிரட்டலா, பிறக்கப்போகும் குழந்தையா. ரசம் சாதம் வைத்த அந்த அம்மாவும் ஒருநாள் அப்படித்தான் சொன்னார். நாய்க்குச் சொறி முற்றி, தளத்தில் இருந்தவர்கள் சத்தம் போட்டிருந்தார்கள். ஆறு வாரம் மருந்து கொடுத்தோம், வாரம் இரண்டு நாள் கோழிக்கடை ஈரல். முடி திரும்ப முளைத்தது. இப்போது நான் போனால் என் செருப்பைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறான். அடுத்த ரேபிஸ் ஊசி செப்டம்பரில். குறிப்பேட்டில் மூன்றாவது பக்கம், மேலிருந்து இரண்டாவது வரி.